மதுரவாயலில் வாழ்ந்த விஞ்ஞானி: தேசிய அறிவியல் அகாடமிகளில் 'ஃபெலோ' ஆவது எப்படி, யார் முடிவு செய்கிறார்கள்?

கோயம்பேட்டில் ஏறி பூந்தமல்லிக்குப் போகிற பேருந்தில், பாதி தூரத்துக்குள் மதுரவாயல் வந்துவிடும். அந்த நிறுத்தத்தைத் தினமும் கடக்கிற ஆயிரக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு ஒரு விஷயம் தெரியும் என்பது சந்தேகம்தான். நாட்டின் மிகப் பெரிய தாவரவியல் விஞ்ஞானிகளில் ஒருவரான ஜானகி அம்மாள் தன் கடைசி ஆண்டுகளை இங்கேதான் கழித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு மதுரவாயலில் இருந்த கள ஆய்வுக்கூடம்தான் அவரது பணியிடம். 1984 பிப்ரவரி 7 அன்று, 86 வயதில், அவர் காலமானார்.

ஜானகி அம்மாள் 1935-லேயே இந்திய அறிவியல் அகாடமியின் ஃபெலோ. 1957-ல் இன்றைய இந்திய தேசிய அறிவியல் அகாடமியும் அவரை ஃபெலோவாக்கியது. 1977-ல் பத்மஸ்ரீ வந்தபோது அவருக்கு வயது கிட்டத்தட்ட 80.

கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஒரே விஞ்ஞானி, ஒரே ஆய்வு வாழ்க்கை. ஆனா ஒரு அகாடமி அவரை 1935-ல் அடையாளம் கண்டது, இன்னொன்று அதற்கு 22 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது, அரசின் விருது வர 42 ஆண்டுகள் ஆனது. ஏன் இந்த வித்தியாசம்? இந்த அகாடமிகள் என்ன, அவற்றை நடத்துவது யார், யாரை கௌரவிப்பது என்று முடிவு செய்வது யார்? 2022-க்குப் பிறகு அறிவியல் விருதுகளில் நடந்த மாற்றங்களும் அதையொட்டி எழுந்த சர்ச்சையும் இந்தக் கேள்விகளை மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

அறிவியல் அகாடமி என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் பலரும் இதை ஒரு கல்லூரி அல்லது ஆய்வுக்கூடம் என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. அகாடமி என்பது விஞ்ஞானிகளின் சங்கம். அதன் உறுப்பினரைத்தான் 'ஃபெலோ' என்கிறார்கள். அங்கே பட்டம் தரமாட்டார்கள். ஆய்விதழ்கள் வெளியிடுவது, அரசுக்கு ஆலோசனை சொல்வது, வெளிநாட்டு அறிவியல் அமைப்புகளோடு உறவு வைத்துக்கொள்வது, சிறந்த விஞ்ஞானிகளை அடையாளம் காட்டுவது ஆகியவைதான் அதன் முக்கிய வேலைகள்.

'கரண்ட் சயின்ஸ்', 'பிரமாணா', மாணவர்களுக்கான 'ரெசொனன்ஸ்' போன்ற இதழ்கள் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியோடு தொடர்புடையவை. இவற்றின் கட்டுரைகளை இணையத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

ஒரு நாட்டுக்கு ஏன் மூன்று அகாடமிகள்?

பிரிட்டனில் ராயல் சொசைட்டி, அமெரிக்காவில் தேசிய அறிவியல் அகாடமி என்று ஒவ்வொன்றுதான் பிரதானம். இந்தியாவில் மட்டும் அறிவியலுக்கு மூன்று தேசிய அளவிலான அகாடமிகள். இதற்குக் காரணம் 1930-களில் இருக்கிறது.

வானியற்பியல் விஞ்ஞானி மேகநாத் சாஹா 1930-ல் அலகாபாத்தில் ஒரு அகாடமியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் 'இந்திய தேசிய அறிவியல்கள் அகாடமி', அதாவது நாசி, ஆனது. நாடு முழுவதற்கும் ஒரே அகாடமி வேண்டும் என்ற பேச்சு 1934 தொடக்கத்தில் இந்திய அறிவியல் மாநாட்டில் சூடுபிடித்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன் பெங்களூரில் 1934 ஏப்ரல் 24 அன்று 'இந்திய அறிவியல் அகாடமி'யைச் சங்கமாகப் பதிவு செய்துவிட்டார். மறுபக்கம், 1935 ஜனவரி 7 அன்று கல்கத்தாவில் 'இந்திய தேசிய அறிவியல் கழகம்' தொடங்கப்பட்டது. இது பின்னர் டெல்லிக்கு மாறி, 1970-ல் 'இந்திய தேசிய அறிவியல் அகாடமி' என்று பெயர் மாறியது. சுருக்கமாக 'இன்சா'. உலக அறிவியல் அமைப்புகளில் இந்தியாவின் சார்பில் உட்காருவது இதுதான்.

ஆக, பெங்களூர், டெல்லி, அலகாபாத் என்று மூன்று. ஒரே விஞ்ஞானி மூன்றிலும் ஃபெலோவாக இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். இவை தவிர மருத்துவத்துக்கு 1961-லும், பொறியியலுக்கு 1987-லும், வேளாண்மைக்கு 1990-லும் தனித்தனி அகாடமிகள் வந்தன.

நிர்வாகம் எப்படி நடக்கிறது?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ குடியிருப்போர் நலச்சங்கம் நடத்தியவர்களுக்கு இந்த அமைப்பு சுலபமாகப் புரியும். சட்டப்படி அகாடமியும் பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம்தான். உறுப்பினர்கள் உண்டு, நிர்வாகக் குழு உண்டு, தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர் உண்டு. பொதுக்குழு கூடும், கணக்கு வழக்கு பார்க்கும், விதிகளைத் திருத்தும். நிர்வாகக் குழுவை 'கவுன்சில்' என்பார்கள். அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஃபெலோக்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், நலச்சங்கத்தில் சந்தா கட்டினால் உறுப்பினர். அகாடமியில் சந்தா கட்டி நுழைய முடியாது. உள்ளே இருப்பவர்கள் பார்த்துத்தான் வெளியில் இருப்பவரைச் சேர்க்க வேண்டும்.

பதவிக்காலமும் முக்கியம். இந்திய அறிவியல் அகாடமியில் ராமன் 1934 முதல் 1970-ல் மறையும் வரை, 36 ஆண்டுகள், தலைவராகவே இருந்தார். அவருக்குப் பிறகுதான் மூன்று ஆண்டுக்கு ஒரு தலைவர் என்ற முறை நிலைத்தது. ராமனுக்கு அடுத்து 1971-ல் தலைவரானவர் டி.எஸ்.சதாசிவன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தை வளர்த்தவர் அவர். ஜானகி அம்மாள் மதுரவாயல் வந்து சேர்ந்ததும் அந்த மையத்தின் ஆய்வுக்கூடத்துக்குத்தான். இன்சாவிலும் இப்போது தலைவர் பதவி மூன்று ஆண்டுகள்.

பணம் எங்கிருந்து வருகிறது? மூன்று அகாடமிகளும் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதியைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. தேர்தல் ஃபெலோக்கள் கையில், பணப்பெட்டி அரசின் கையில். இந்த ஏற்பாட்டில்தான் பல சிக்கல்களும் தொடங்குகின்றன.

ஃபெலோ ஆவது எப்படி?

விவரங்கள் அகாடமிக்கு அகாடமி கொஞ்சம் மாறும். பொதுவான பாதை இது:

முதலில், ஏற்கெனவே ஃபெலோவாக இருக்கிற ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னும் சிலர் வழிமொழிய வேண்டும். அந்த விஞ்ஞானி என்ன கண்டுபிடித்தார், அது ஏன் முக்கியம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்து, துறைவாரியான குழு. இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, தாவரவியலுக்கு ஒன்று என்று இருக்கும் குழுக்கள் அந்தந்தப் பெயர்களை அலசி வரிசைப்படுத்தும்.

மூன்றாவது, கவுன்சில். துறைகளிலிருந்து வந்த பட்டியலைப் பார்த்து, அந்த ஆண்டுக்கான இடங்களுக்குள் சுருக்கும். அதன் பிறகு ஃபெலோக்களின் ஒப்புதல். தேர்வானவர்களின் பெயர்கள் ஆண்டின் பிற்பகுதியில் வெளியாகும், அடுத்த ஜனவரி முதல் அவர்கள் ஃபெலோ.

இந்த முறையில் ஒரு பலம் இருக்கிறது. ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வு நல்லதா, சுமாரா என்று சொல்ல இன்னொரு உயிரியல் விஞ்ஞானியால்தான் முடியும். அமைச்சராலோ அதிகாரியாலோ முடியாது. ஆனா இதே முறைக்கு ஒரு பலவீனமும் உண்டு. முன்மொழிய ஆள் இல்லாதவர் பெயர் மேசைக்கே வராது.

யார் விடுபடுகிறார்கள்?

முதலில் பெண்கள். இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள குறை கிடையாது. 1911-ல் மேரி கியூரியைப் பிரெஞ்சு அகாடமி வாக்கெடுப்பில் தோற்கடித்தது. அதே ஆண்டு அவருக்கு இரண்டாவது நோபல் கிடைத்தது. 1660-ல் தொடங்கிய ராயல் சொசைட்டி முதல் பெண் ஃபெலோக்களைச் சேர்த்தது 1945-ல். அந்தக் கணக்கில் பார்த்தால் ஜானகி அம்மாளை 1935-லேயே சேர்த்த பெங்களூர் அகாடமி பத்து ஆண்டுகள் முன்னால் இருந்தது.

அந்த வேகம் தொடரவில்லை. இன்சாவுக்கு ஒரு பெண் தலைவர் வர 85 ஆண்டுகள் ஆயின. 2020-ல் பொறுப்பேற்ற உயிரியல் விஞ்ஞானி சந்திரிமா ஷாஹாதான் முதல்வர். உலக அளவில் மூத்த அறிவியல் அகாடமிகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, பெண் உறுப்பினர்களின் சராசரி 2015-ல் 13 சதவீதம், 2020-ல் 17 சதவீதம் என்று காட்டியது.

இரண்டாவது, இடம். பெரிய ஆய்வு நிறுவனங்களில் ஏற்கெனவே நிறைய ஃபெலோக்கள் இருப்பார்கள். பக்கத்து அறையில் இருப்பவரின் வேலை அவர்களுக்குத் தெரியும், முன்மொழிவார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்திலோ அரசுக் கல்லூரியிலோ ஆய்வு செய்பவருக்கு அந்தப் பக்கத்து அறை கிடையாது.

மூன்றாவது, கூட்டு உழைப்பு. இங்கேதான் சென்னையின் மேற்குப் புறநகர் நல்ல உதாரணம்.

ஆவடியும் அயப்பாக்கமும் சொல்வது என்ன?

ஆவடியில் இருக்கும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஓர் அங்கம். அர்ஜுன் டாங்கி வடிவமைக்கப்பட்டது அங்கேதான். அதில் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது. எஞ்சின், கியர், கவசம், சஸ்பென்ஷன் என்று ஒவ்வொன்றும் ஒரு குழுவின் வேலை. பாதுகாப்பு ரகசியம் என்பதால் பலவற்றை ஆய்விதழில் எழுதவே முடியாது. ஆய்வுக் கட்டுரையை வைத்து எடைபோடுகிற முறையில் இவர்களை எந்தத் தராசில் வைப்பது?

அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிவந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவாக்கப்பட்டது இது. கொரோனா காலத்தில் நாட்டில் எத்தனை பேருக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று கண்டறிந்த தேசிய அளவிலான ஆய்வுகளை ஒருங்கிணைத்தது இந்த நிறுவனம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தவர்கள், பரிசோதனை செய்தவர்கள், கணக்குப் போட்டவர்கள் என்று அதிலும் பெரிய படையே இருந்தது. அகாடமியின் ஃபெலோ இடமோ ஒரு தனி நபருக்கானது.

பொறியியலுக்குத் தனி அகாடமி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அறிவியலை எடைபோடும் அதே அளவுகோலில் தொழில்நுட்பத்தை எடைபோட முடியாது என்பதுதான் வாதம். ஆனாலும் அங்கேயும் கௌரவம் தனி நபருக்குத்தான்.

அகாடமியே தவறு செய்தால்?

2010 பிப்ரவரியில் பிடி கத்தரிக்காய்க்குத் தற்காலிகத் தடை விதித்த அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்து ஆறு அகாடமிகளிடமும் கருத்துக் கேட்டார். செப்டம்பரில் கூட்டு அறிக்கை வந்தது. அதில் சில பகுதிகள், மரபணு மாற்றுப் பயிர்களை ஆதரிக்கும் ஒரு கட்டுரையிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டவை என்பது அம்பலமானது. எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. அமைச்சர் கடுமையாக விமர்சித்தார். அப்போது இன்சாவின் தலைவராக இருந்த எம்.விஜயன் வருத்தம் தெரிவிக்க, டிசம்பரில் திருத்திய அறிக்கை வந்தது.

நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானிகள் கூடிய இடத்திலேயே காப்பியடித்த அறிக்கை எப்படி வெளியே போனது? பெரிய பெயர்கள் இருந்தால் மட்டும் போதாது, எழுதியதைச் சரிபார்க்கிற நடைமுறையும் வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

இதன் மறுபக்கமும் உண்டு. டார்வினின் பரிணாமக் கோட்பாடு அறிவியல் ரீதியாகத் தவறு என்று 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் ஒருவர் பேசியபோது, மூன்று அகாடமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. நிதி தருகிற அரசின் அமைச்சருக்கே தவறு என்று சொல்ல முடிந்தது.

உறுப்பினர் தவறு செய்தால்? அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி 2019-ல் தன் விதியைத் திருத்தி, நடத்தை விதிகளை மீறுபவர்களை நீக்கலாம் என்று சேர்த்தது. 2021-ல் பாலியல் தொல்லைப் புகாரில் உறுப்பினர்களை நீக்கவும் செய்தது. 'வாழ்நாள் கௌரவம்' என்பது நிபந்தனையற்றது அல்ல என்ற கருத்து அதன்பின் பல நாடுகளில் வலுப்பெற்றது.

2022-க்குப் பிறகு விருதுகளில் என்ன மாறியது?

அகாடமியின் ஃபெலோ இடம் ஒருபுறம், விருதுகள் இன்னொருபுறம். இளம் விஞ்ஞானிகளுக்குப் பல ஆண்டுகளாகப் பெரிய கனவாக இருந்தது சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 1958-ல் அதை முதலில் பெற்றவர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியல் விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன். 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இந்த விருதோடு 5 லட்சம் ரூபாயும் கிடைத்தது.

2022 செப்டம்பரில் மத்திய உள்துறைச் செயலாளர் தலைமையில் நடந்த ஒரு கூட்டம் நிலைமையை மாற்றியது. அறிவியல் துறைகளில் விருதுகள் அதிகமாகிவிட்டன, சிலவற்றை மட்டும் உயர்ந்த தரத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடலாம் என்று அரசு முடிவெடுத்தது. சுமார் 300 விருதுகள் வரை பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தனியார் நன்கொடையில் நிறுவப்பட்ட விருதுகளும் இதில் அடக்கம்.

2023-ல் 'ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார்' அறிவிக்கப்பட்டது. இதில் நான்கு வகை. வாழ்நாள் சாதனைக்கு விஞ்ஞான் ரத்னா, சிறப்பான பங்களிப்புக்கு விஞ்ஞான் ஸ்ரீ, 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விஞ்ஞான் யுவா சாந்தி ஸ்வரூப் பட்நாகர், குழுவுக்கு விஞ்ஞான் டீம். பதக்கமும் சான்றும் உண்டு, பணமுடிப்பு கிடையாது.

முதல் விருதுகளைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2024 ஆகஸ்ட் 22 அன்று வழங்கினார். மொத்தம் 33. விஞ்ஞான் ரத்னா, சென்னையில் பிறந்த உயிர்வேதியியல் விஞ்ஞானி கோ.பத்மநாபனுக்கு. குழு விருது சந்திரயான்-3 அணிக்கு. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். கூட்டு உழைப்புக்குத் தனி விருது என்பது நல்ல தொடக்கம் என்று பலரும் வரவேற்றார்கள். 2025-க்கான விஞ்ஞான் ரத்னா, மறைந்த வானியல் விஞ்ஞானி ஜயந்த் நர்லிகருக்கு அறிவிக்கப்பட்டது.

சர்ச்சை எதற்கு?

புதிய விருதுக்கான தேர்வுக் குழுவுக்கு அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைவர். அறிவியல் துறைகளின் செயலாளர்கள், அகாடமிகளைச் சேர்ந்தவர்கள், மூத்த விஞ்ஞானிகள் உறுப்பினர்கள். அகாடமிகளுக்கு இடம் உண்டு, ஆனா கடைசி முடிவு அவர்கள் கையில் இல்லை.

2024-ல் இந்தக் குழு பரிந்துரைத்த சில பெயர்கள் இறுதிப் பட்டியலில் விடுபட்டுவிட்டதாகவும், அவர்களில் அரசின் கொள்கைகளை விமர்சித்தவர்கள் இருந்ததாகவும் செய்திகள் வெளியாயின. நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், முன்னாள் பட்நாகர் விருதாளர்கள் உட்பட, முதன்மை அறிவியல் ஆலோசகர் அஜய் சூட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கேட்டது இதுதான்: குழு கொடுத்த பட்டியல் அப்படியே ஏற்கப்பட்டதா? மாற்றப்பட்டிருந்தால் எந்த அடிப்படையில்? அஜய் சூட்டும் 2017 முதல் 2019 வரை இன்சாவின் தலைவராக இருந்தவர்தான்.

அரசு தருகிற விருதை அரசு முடிவு செய்வதில் என்ன தவறு என்று ஒரு தரப்பு கேட்கிறது. பத்ம விருதுகளும் அப்படித்தானே என்பது அவர்கள் வாதம். இன்னொரு தரப்பு சொல்வது வேறு. பத்ம விருது பொதுவான கௌரவம். அறிவியல் விருது, 'இந்த ஆய்வு தரமானது' என்று துறை வல்லுநர்கள் கொடுக்கிற சான்று. அதில் ஆய்வுக்குத் தொடர்பில்லாத காரணம் நுழைந்துவிட்டால், விருது வாங்கியவருக்கும் அது பெருமை இல்லை என்கிறார்கள்.

சிறிய விருதுகள் பல காணாமல் போன பிறகு, மிச்சமிருக்கும் சில விருதுகளின் எடை கூடிவிட்டது. அதனாலேயே அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை மீதான கேள்விகளும் கூடுகின்றன.

நம் ஊர் மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அகாடமி என்றால் வயதான பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்ளும் இடம் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஆனா மாணவர்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற திட்டங்களும் அங்கே இருக்கின்றன.

மூன்று அகாடமிகளும் சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்துகின்றன. தேர்வாகும் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் இரண்டு மாதங்கள் ஒரு ஃபெலோவின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம், உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிடும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரு கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிற மாணவி, 'பக்கத்து அறை' இல்லாத குறையைக் கொஞ்சமாவது தாண்ட இது ஒரு வழி. கல்லூரிகளில் விரிவுரைப் பயிலரங்குகள் நடத்தவும் அகாடமிகள் உதவுகின்றன.

இன்னொன்று, அரசு நிதியில் இயங்குவதால் இன்சா போன்ற அமைப்பிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்வி கேட்கலாம். எத்தனை பெயர்கள் முன்மொழியப்பட்டன, எந்த மாநிலத்திலிருந்து எத்தனை, அதில் பெண்கள் எத்தனை என்பதெல்லாம் வரிப்பணம் கட்டுகிறவர் கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

அடுத்து என்ன?

அகாடமிகளுக்கு முன்னால் இப்போ மூன்று வேலைகள் இருக்கின்றன. முன்மொழிய ஆள் இல்லாதவர்களும் உள்ளே வர வழி திறப்பது. குழுவாக நடக்கும் வேலையை எடைபோடக் கற்றுக்கொள்வது. அரசிடம் நிதி வாங்கினாலும், யார் நல்ல விஞ்ஞானி என்று சொல்லும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது.

ஜானகி அம்மாள் கரும்பு ஆராய்ச்சிக்காகக் கோயம்புத்தூரில் வேலை செய்தவர். பிறகு இங்கிலாந்து போய், 1945-ல் சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை எழுதியவர். நேருவின் அழைப்பில் நாடு திரும்பி, தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க உதவியவர். 70 வயதைத் தாண்டி மதுரவாயலுக்கு வந்த பிறகும் ஆய்வை நிறுத்தவில்லை. அவர் பெயரில் வகைப்பாட்டியலுக்கு ஒரு தேசிய விருது இருக்கிறது. ஒரு மக்னோலியா மலருக்கும் அவர் பெயர்.

பிப்ரவரி 7 அவரது நினைவு நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம். மேற்குப் புறநகரின் பள்ளிகள் அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகிற நேரம் அது. ராமன் படத்துக்குப் பக்கத்தில் மதுரவாயல்வாசியான இந்த ஃபெலோவின் படத்தையும் மாட்ட எந்த அகாடமியின் ஒப்புதலும் தேவையில்லை.